இடிந்த சுவர் மட்டுமா வீடு? கடற்கரையில் நிறுவல் கலை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு, நினைவு, ஊர் என்ற பொருளில் பொதுவெளியில் நிறுவல் கலை, அதாவது ஓரிடத்தில் பொருள்களை நிறுத்தி அமைக்கும் கலை, செய்ய இராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது தனுஷ்கோடியின் பழைய தேவாலயத்தில்தான். கூரையில்லாத சுவர், பின்னால் கடல். ஊருக்குத் திரும்பி அதே போல ஒரு சுவரைக் கட்டி, பாதி இடித்து, 'இழந்த வீடு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அந்த ஊரையும், அங்கே வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது உண்மை. ஆனால் தேவாலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இன்றும் ஓலைக் குடிசைகளில் மீனவர்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். பெண்கள் கடலோர மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். வேகமாக மொண்டால் மணல் கலங்கிவிடும். ஊறுகிற வரை காத்திருக்க வேண்டும். சுற்றிலும் உப்புநீர், நடுவில் ஒரு கை அகலத்துக்கு நல்ல தண்ணீர். வீட்டைப் பற்றிப் பேச வந்தவர் அந்த ஊற்றருகே அரை நாளாவது உட்காராமல் சுவரைப் படமெடுத்துக்கொண்டு போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது பொருள். சாதாரண இரும்புச் சட்டம் உப்புக்காற்றில் வெகு சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். தெர்மாகோலும் ஃபிளெக்ஸும் பிய்ந்து கடலுக்குள் போகும். மன்னார் வளைகுடாவின் கடற்புல் ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற இடம். அந்தக் காலத்து வீடுகளைப் போல இருக்கட்டும் என்று பவளக்கல்லைத் தேடிப் போகவே வேண்டாம். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பனஞ்சட்டம், ஓலை, கயிறு போதும். பிய்ந்தால் ஊராரே கட்டிக்கொள்வார்கள்.

காற்றைக் கேட்காமல் இடம் குறிக்காதீர்கள். இராமேசுவரத்தில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காலத்தில் வடகரை அடிபடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கரை. அழகாகத் தெரிகிற வெற்றிடம் பெரும்பாலும் வெற்றிடமாக இருக்காது. கருவாடு காயும் களமாகவோ, வலை விரிக்கும் இடமாகவோ, வள்ளம் ஏற்றும் வழியாகவோ இருக்கும். ஊர்த் தலைவரிடம் ஒப்புதல் வாங்கியதோடு நிற்காமல், களத்தில் மீன் புரட்டும் பெண்களிடமும் கேளுங்கள். ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவு விளக்கு வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி வழி தவறிப் போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் கிடைப்பார்கள் என்று பலர் அந்த மாதங்களைத் தேர்கிறார்கள். வருமானம் நின்றுபோன வீட்டில் வந்து 'சமூகப் பங்கேற்பு' என்று கூலியில்லா வேலை கேட்பது பெரும் அநியாயம். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடைசித் தவறு நான் செய்தது. கடற்பாசி எடுக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பாறை கீறாமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றியிருந்தார். அவருடைய வலைப்பையை இரவல் வாங்கி வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கியில் மாட்டி, கீழே 'உழைப்பின் நினைவு' என்று எழுதினேன். மறுநாள் அவர் வந்து பார்த்தார்.

"இதை ஏன் தம்பி பூட்டி வைத்திருக்கிறீர்கள்? நாளைக்கு என் மகள் கடலுக்குப் போக வேண்டுமே."

உடனே எடுத்துக் கொடுத்தேன். பயன்பாட்டில் இருக்கிற பொருளை நினைவுப்பொருள் ஆக்கியிருந்தேன். யாருடையது, எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொக்கியை மட்டும் விட்டுவைத்தேன். வேலை முடிந்து வருகிற மாலைகளில் மகள் ஈரப் பையை அதில் மாட்டிவிட்டுப் போனாள். காலையில் வந்து எடுத்துக்கொண்டாள்.