நண்டு எங்கேயும் போகவில்லை: அனிமேஷன் வீடியோ எக்ஸ்போர்ட் ஆகாதபோது

சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் ஆறு பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் இலவச மென்பொருள்தான். சின்னவர்களுக்கு பென்சில்2டி, பெரியவர்களுக்கு கிரிட்டாவும் பிளெண்டரும். போன மாதம் ஒரு பிள்ளை மூன்று வாரம் இருந்து நண்டு ஒன்றை வரைந்தாள். நண்டு மணலில் பக்கவாட்டில் ஓடும், பின்னால் கரையோர ரயில் வரும், அந்த அதிர்வில் நண்டு வளைக்குள் இறங்கிவிடும். மொத்தம் 12 செக்கன். வரைந்ததை வீடியோ பைலாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் வீடியோ வரவில்லை. "மிஸ், என்ட நண்டு போயிட்டா?" என்று கேட்டாள், கண் கலங்கிவிட்டது.

போகவில்லை. வீடியோ வராததும் வரைந்தது அழிவதும் வேறு வேறு விஷயம். பென்சில்2டி, கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் எல்லாம் படங்களை வரிசையாக எடுத்துக் கொடுக்கும். அவற்றை வீடியோவாகக் கட்டுவது எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் கைமாறும் இடத்தில்தான் நடந்தன.

அதனால் முதல் வேலை, எம்பி4 என்ற வீடியோ பைலைக் கேட்காமல், பிரேம் ஒன்றுக்கு ஒரு பிஎன்ஜி படம் என்று படவரிசையாக எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். வெறும் போல்டர் ஒன்றை உருவாக்கி அதற்குள் எடுங்கள். பென்சில்2டி செக்கனுக்கு 12 படம் என்ற கணக்கில் தொடங்கும். ஆகவே நண்டுக்கு 144 படங்கள் வர வேண்டும், வந்தன. படங்கள் சரியாக வந்தால் உங்கள் உழைப்பு பத்திரம், பிழை கட்டுமிடத்தில். படமே வராவிட்டால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, அந்தப் போல்டரில் எழுத விண்டோஸ் அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

நண்டின் பிரச்சினை அளவில் இருந்தது. அகலம் 1000 என்று வைத்து, 16க்கு 9 விகிதத்தில் உயரத்தைக் கணக்குப் பார்த்திருக்கிறாள். 562.5 வந்தது. நல்ல பிள்ளையாக அதை 563 ஆக்கிவிட்டாள். எம்பி4இல் வழக்கமாகப் பயன்படும் எச்264 முறை நிறத்தை இரண்டுக்கு இரண்டு புள்ளிகளாகச் சேர்த்துச் சுருக்குகிறது. ஒற்றை எண் வந்தால் கடைசி வரிசைக்குச் சோடி இல்லை, வேலை நின்றுவிடும். சில மென்பொருள்கள் இதை முன்கூட்டியே சொல்லும், சில வெறுமனே தோல்வி என்று காட்டும். 1280க்கு 720 அல்லது 1920க்கு 1080 என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தலையிடி இல்லை. அவளுடைய கமெராவின், அதாவது மென்பொருளில் வீடியோவின் அளவைத் தீர்மானிக்கும் சட்டத்தின், உயரத்தை 562 ஆக்கினோம். ஒரு நிமிடத்தில் வீடியோ வந்தது.

அளவு சரி என்றால் எஃப்எஃப்எம்பெக் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் பென்சில்2டி அதைத் தன் பிளகின்ஸ் போல்டரில் தேடும். பென் டிரைவில் கொப்பி பண்ணித் தரும்போது அந்தப் போல்டர் விடுபட்டுப் போனதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஓப்பன்டூன்ஸுக்கு அது இருக்கும் இடத்தை பிரெஃபரன்ஸில் நீங்களே காட்ட வேண்டியிருக்கலாம். கிரிட்டா 5.2இலிருந்து கூடவே வருகிறது, பழைய பதிப்பு என்றால் புதுப்பித்துவிடுங்கள். இன்னொன்று, போல்டர் பெயர். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் ஓப்பன்டூன்ஸ் போன்றவை சிலவேளை அதில் தடுக்கி விழும். எக்ஸ்போர்ட் போல்டருக்கு மட்டும் இடைவெளி இல்லாத குட்டி ஆங்கிலப் பெயர் கொடுங்கள்.

வீடியோ வருகிறது, ஆனால் முழுக்கக் கறுப்பு என்றால் பின்னணி லேயரை, அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அடுக்கை, பாருங்கள். பிஎன்ஜி, எதுவும் வரையாத இடத்தை ஒளி ஊடுருவும் வெறுமையாகவே வைத்திருக்கும். இந்த எம்பி4இல் அதற்கு இடமில்லை, பல நேரம் கறுப்பாக்கிவிடும். கறுப்புக் கோட்டில் வரைந்திருந்தால் கறுப்பில் கறுப்பு, ஒன்றும் தெரியாது. அடியில் ஒரு வெள்ளை லேயர் நிரப்புங்கள்.

பிளெண்டரில் நேராக எம்பி4 எடுப்பதை நான் பிள்ளைகளுக்கு அனுமதிப்பதே இல்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் கற்ற பாடம் அது. ஐந்து மணித்தியாலம் ஓடிய ரெண்டர் (கணினி ஒவ்வொரு படமாக உருவாக்கும் வேலை), முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது, லப்டொப் பற்றரியும் தாங்கவில்லை. எந்தப் படம் பைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். நடுவில் நின்றால் பைல் இருக்கும், திறக்காது. படவரிசை என்றால் அதுவரை வந்த படங்கள் அப்படியே இருக்கும். அரைகுறையாக நின்ற கடைசிப் படத்தை அழித்துவிட்டு, ஓவர்ரைட் குறியை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். இருப்பதைத் தாண்டி மிச்சத்தை மட்டும் செய்யும்.

படங்களை வீடியோவாக்க பிளெண்டரின் வீடியோ எடிட்டிங் பகுதியே போதும். படவரிசையாகச் சேர்த்து, வேகத்தை வரைந்த வேகத்துக்கே வையுங்கள். 12 படக் கணக்கில் வரைந்ததை 24இல் விட்டால் நண்டு ஆறு செக்கனில் ஓடி முடித்துவிடும். முடிவுப் படம் 250 என்று இருக்கும், அதை 144 ஆக்காவிட்டால் பின்னால் வெறும் கறுப்பு ஓடும். சத்தம் வேண்டுமென்றால் ஓடியோ கோடெக்கில் ஏஏசி தெரிவு செய்யுங்கள், தானாக வராது. தரத்தில் லொஸ்லெஸ் (தரம் குறையாமல் சுருக்குவது) வேண்டாம். கணினியில் ஓடும், பல போன்களில் திறக்காது.

பென்சில்2டியில் கடைசிப் படம் கண் இமைக்குமுன் மறைந்தால் அது பிழை இல்லை. கடைசிக் கீ, அதாவது காலக்கோட்டில் கடைசியாக வரைந்த படம், ஒரு பிரேம் மட்டுமே நிற்கும். அதே படத்தைக் கொப்பி பண்ணி 12 பிரேம் தள்ளி வையுங்கள். நண்டு இறங்கிய வெறும் வளை ஒரு செக்கன் தெரிய வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டதும் இதைத்தான். அதையும் செய்து அன்று மாலையே அம்மம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள்.