நாலு கலையும் பிடிக்கும். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது?

பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறேன். பிளஸ் டூ பரீட்சை நெருங்க நெருங்க, வாசலில் அம்மாக்கள் வந்து நிற்க ஆரம்பிப்பார்கள். "மாஷே, இவ வரையறா, பாடறா, களிமண்ல பொம்மை செய்யறா, போன்ல வீடியோவும் வெட்டி ஒட்டறா. எதுல சேத்தறதுங்க?"

"ஒன்றைப் பிடி, மற்றதை விடு" என்று சொல்ல எனக்கு மனசு வராது. நம் பாலக்காட்டுப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தையே பாருங்கள். மான் தோலில் பாவை வெட்ட வேண்டும். கம்பராமாயணப் பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். பாட்டுக்கு விளக்கம் சொல்லத் தெரிய வேண்டும். கூத்துமாடம் என்கிற மேடையில் திரைக்குப் பின்னால் 21 விளக்கு வரிசையாக எரிய, பாவையின் நிழல் சரியான இடத்தில் விழவும் வேண்டும். இத்தனையும் அறிந்தவரைத்தான் புலவர் என்கிறார்கள். ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு பாடத்துக்குத்தான் இடம் இருக்கும். சிக்கல் அங்கேதான்.

முதல் வேலை: நோட்டுப் போடுங்கள்

பதினைந்து நாள், படுக்கப்போகும் முன், இன்று கை என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். என்ன பிடிக்கும் என்று எழுத வேண்டாம். அது ஆளுக்குத் தகுந்தபடி, அன்றைக்குப் பார்த்த ரீலுக்குத் தகுந்தபடி மாறும்.

என்னிடம் வந்த ஒரு பெண் பெயின்டிங்தான் என்று ஒரே பிடியாக நின்றாள். நோட்டைத் திறந்தால் பதினைந்து நாளில் பெயின்டிங் இரண்டே நாள். ஒன்பது நாள், தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் அடியைப் பிளேடால் செதுக்கி, ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அச்சுப் போட்டிருக்கிறாள். மீன், வாழையிலை, அவள் பாட்டியின் தோடு. இதற்கு அச்சோவியம் என்று ஒரு துறையே இருப்பது அவளுக்குத் தெரியாது. சென்னை எழும்பூர் அரசு நுண்கலைக் கல்லூரியில் அதைத் தனிப்பாடமாகவே படிக்கலாம் என்றதும், "இதுக்கெல்லாமா டிகிரி தர்றாங்க?" என்றாள்.

இரண்டாவது: இரண்டாகப் பிரியுங்கள்

நோட்டில் வந்ததை இரண்டு பக்கமாக எழுதுங்கள். வீட்டிலேயே வளரக்கூடியவை ஒரு பக்கம். சாமானும் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல் நடக்காதவை இன்னொரு பக்கம். ஸ்கெட்ச், வீடியோ எடிட்டிங், கவிதை எல்லாம் முதல் பக்கம். சூளை, அச்சு இயந்திரம், கல் சிற்பம், தறி இரண்டாவது பக்கம்.

கல்லூரியை இரண்டாவது பக்கத்துக்காகத் தேர்ந்தெடுங்கள். இது என் சொந்தக் கணக்கு, எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் போனில் கற்றுக்கொள்ளக் கூடியதற்கு நாலு வருஷம் ஹாஸ்டல் சோறு எதற்கு? சூளையை யாரும் வீட்டு மொட்டை மாடியில் கட்டித்தர மாட்டார்கள். சினிமாதான் வேண்டுமென்றால் கேமரா, ஒலிப்பதிவு என்று அதுவும் இரண்டாவது பக்கத்துக்கு வந்துவிடும். அதற்குத் தரமணியில் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

பாட்டை விட முடியாதவர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். பாலக்காட்டில் கர்நாடக இசைப் பாடகர் செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் இசையும் உண்டு, தமிழும் உண்டு.

மூன்றாவது: இரண்டு மாநிலமும் பாருங்கள்

எல்லைக்காரர்களுக்கு இது ஒரு வசதி. கேரளப் பக்கம் திருச்சூர், மாவேலிக்கரை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் அரசு நுண்கலைக் கல்லூரிகள். திருவனந்தபுரத்தில் இருப்பது 1888-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் எழும்பூர், கும்பகோணம். எழும்பூரில் இருப்பது 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளி. ஓவியம், சிற்பத்தோடு துணி வடிவமைப்பு, பீங்கான் என்று பக்கத்துப் பக்கத்து அறைகளில் பல வேலை நடக்கும் இடம். பல ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அந்தப் பக்கத்து அறை ரொம்ப முக்கியம். கோயில் சிற்பம், ஸ்தபதி வேலை என்றால் மாமல்லபுரம்.

டிசைன் படிப்பு வேறு வழி. அங்கே உங்கள் மனசில் இருப்பதை விட, சாமானைப் பயன்படுத்தப் போகிறவரின் தேவைக்குத்தான் முதலிடம். கண்ணூரிலும் சென்னையிலும் நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரி), ஆந்திராவில் அமராவதிப் பக்கம் என்ஐடி (தேசிய டிசைன் கல்லூரி). இரண்டிலும் முதல் வருஷம் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் படிப்பு. இன்னும் முடிவு பண்ண முடியாதவர்களுக்கு என்ஐடியில் அந்த ஒரு வருஷம் மூச்சு விட இடம் தரும்.

"சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார். எழும்பூர்க் கல்லூரி முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியபோது கைகொடுத்தது பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசுதான் என்று சொல்லுங்கள். இரண்டாவது ஆர்வம் முதல் ஆர்வத்துக்கு வாடகை கட்டிய கதை.

நான்காவது: நேரில் போங்கள், அதுவும் மத்தியானம்

நான் ஏமாந்தது இங்கேதான். நான் சேர்ந்த கல்லூரியின் பிரோஷரில் தகதகவென்று எரியும் சூளைப் படம் போட்டிருந்தது. முதல் வாரமே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள், கால் உடைந்த ஸ்டூல் ஒன்று, அதன்மேல் ஒரு பூனை. செங்கல் ஜில்லென்று இருந்தது. நாலு வருஷமும் அப்படியேதான் இருந்தது.

அதனால் வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். ஆண்டுவிழாக் கண்காட்சி நாளில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். கை கழுவும் தொட்டியைப் பாருங்கள்: களிமண்ணும் சாயமும் ஒட்டியிருந்தால் நல்லது, பளிச்சென்று இருந்தால் யோசியுங்கள். மூன்றாம் வருஷ மாணவரிடம் ஒரு சாயா வாங்கிக் கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். பெயின்டிங் பிள்ளைகள் சிற்பக் கூடத்தில் நுழைந்தால் விரட்டுவார்களா? சாயங்காலம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? முதலாம் வருஷத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர்கள் இன்னும் சந்தோஷமாக இருப்பார்கள்.

ஐந்தாவது: தேர்வும் தாளும்

நுண்கலைக் கல்லூரிகளில் கையால் வரைய வைத்துப் பார்ப்பார்கள். தினம் ஒரு மணி நேரம் எதிரில் இருப்பதைப் பார்த்து வரைந்து பழகுங்கள். குடம், செருப்பு, தூங்குகிற தாத்தா, எதுவானாலும் சரி. நிஃப்டின் டிசைன் படிப்புக்கு, எழுத்துத் தேர்வில் தேறினால் கொடுத்த பொருட்களை வைத்து அங்கேயே ஒன்றைச் செய்துகாட்டும் சோதனையும் உண்டு. செருப்பில் அச்சு வெட்டிய கைக்கு அது பயமில்லை. டிசைன் தேர்வுகளுக்கு பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் வருஷம் போச்சு.

கேரளத்தில் குடியிருப்பவர்கள் நேட்டிவிட்டி (இந்த மாநிலத்துக்காரர் என்கிற) சான்றுக்கு இப்போதே அக்ஷயா சென்டரில் (அரசு இ-சேவை மையம்) போட்டுவிடுங்கள். ஒரு மாநிலத்து ரேஷன் கார்டும் இன்னொரு மாநிலத்துப் பள்ளிச் சான்றிதழுமாக இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. வில்லேஜ் ஆபீஸில் கேள்வி வரும், அப்பாவையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.