வெயில் காலத்துல வர்ற குட்டீஸ் பிறந்தநாள், வெளிய கூட்டிட்டு போய் கொண்டாடுறது எப்படி

எங்க பாப்பாவுக்கு இப்ப 4 வயசு முடிஞ்சிருக்கு, நாலு பிறந்தநாளும் நல்ல வெயில்லதான் வந்துச்சு. ரெண்டாவது பிறந்தநாள் அன்னைக்கு மதியம் 12 மணிக்கு கேக் கட்டிங்னு வச்சோம், அது அவ தூங்குற நேரம், 20 பேர் சுத்தி நின்னு ஒரே சத்தமா பாட்டு பாடி கை தட்டுனதும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு என் கழுத்துல முகத்த புதைச்சுக்கிட்டா, கடைசி வரைக்கும் திரும்பவே இல்ல. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் கிஃப்ட் வந்த அட்டைப்பெட்டிக்குள்ள பொம்மைய போடுறதும் எடுக்குறதுமா முக்கால் மணி நேரம் அவ்ளோ சந்தோஷமா விளையாடுனா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம், இனிமே நேரம் இடம் ஆளுங்க எல்லாமே அவளுக்கு ஏத்த மாதிரிதான், அப்புறம்தான் மத்தவங்க வசதினு.

அதனால ஹால் தேடுறதுக்கு முன்னாடி, லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடி, ஒரு வாரம் குழந்தை எப்ப தூங்குது எப்ப பசிக்குதுன்னு குறிச்சு வைங்க. 1-2 வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11-ல இருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும், 3-5 வயசுக்கு 10-13 மணி நேரம். பகல் தூக்கத்துல கை வச்சா அன்னைக்கு முழுக்க அழுகைதான். காலைல எந்திரிச்சு சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சு தூக்கத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க, இல்லனா தூங்கி எந்திரிச்ச அப்புறம் வைங்க, ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு, அதுக்கு மேல சின்னதுங்க தாங்காது. தேதி வேலை நாள்ல வந்தா வார லீவுக்கு தள்ளுங்க, 3 வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு காலண்டர் தெரியாது.

எத்தன குழந்தைங்கள கூப்பிடலாம்னா, வயசோட ஒண்ணு கூட்டிக்கோங்க. 3 வயசுக்கு 4 பேர், 4 வயசுக்கு 5 பேர். சொந்தக்காரங்க வருத்தப்படுவாங்கன்னு தோணும், எனக்கும் தோணுச்சு, அவங்கள வேற ஒரு நாள் வீட்டுக்கு கூப்பிட்டுக்கலாம்.

இந்த தடவ நாங்க பிறந்தநாளையே அவுட்டிங்கா மாத்திட்டோம், காலைல 7 மணிக்கு நிழல் இருக்குற பார்க், 9 மணிக்கு கிளம்பியாச்சு. காலைல 10-ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் வெயிலோட யூவி கதிர் ரொம்ப அதிகம், ஃபோன்ல வெதர் ஆப்ல யூவி இண்டெக்ஸ் (அந்த கதிர் எவ்ளோ கடுமைன்னு சொல்ற எண்) காட்டும், 3-ம் அதுக்கு மேலயும் இருந்தா தொப்பி, முழுக்கை காட்டன் சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் வேணும். ஃபோன் இல்லாமயும் கண்டுபிடிக்கலாம், நம்ம நிழல் நம்ம உயரத்த விட குட்டையா இருந்தா வெயில் கடுமையா இருக்குன்னு அர்த்தம். பாப்பாகிட்ட இத விளையாட்டா சொல்லி குடுத்தேன், இப்ப அவளே "அம்மா நிழல் குட்டியாயிடுச்சு, உள்ள போலாம்"னு சொல்றா!

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் (வெயில எவ்ளோ தடுக்கும்ங்கற எண்) 30-க்கு குறையாம வாங்குங்க, வெளிய போறதுக்கு 15-30 நிமிஷம் முன்னாடியே தடவுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவயும் தண்ணில இருந்து வந்ததும் திரும்ப தடவணும், காதும் பின்கழுத்தும் பாதத்து மேல்பக்கமும் எல்லாரும் மறக்குற இடம். 6 மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு. வெயில் படக்கூடாதுன்னு ஸ்ட்ரோலர் மேல துணிய போட்டு மூடாதீங்க, உள்ள காத்து போகாம சூடு ஏறிடும். சறுக்குமரம் ஊஞ்சல் எல்லாத்தையும் முதல்ல உங்க புறங்கையால தொட்டு பாருங்க, இரும்பு மட்டும் இல்ல பிளாஸ்டிக்கும் தோல சுட்டுடும்.

தாகமா இருக்குன்னு குழந்தை சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, விளையாட்டு மும்முரத்துல அதுங்களுக்கு தெரியாது, 15-20 நிமிஷத்துக்கு ஒருதடவ ரெண்டு வாய் குடுங்க. 6 மாசத்துக்குள்ளனா தாய்ப்பாலோ ஃபார்முலா பாலோ மட்டும்தான், அடிக்கடி குடுங்க. வாய் காஞ்சு போய், அழுதா கண்ணீர் வராம, 6 மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கு போகாம, சோர்ந்து கிடந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க. உடம்பு நெருப்பா கொதிச்சு குழந்தை சரியா முழிக்காம குழம்புனா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு அது வர்றதுக்குள்ளயே தண்ணிய ஊத்தி விசிறி குளிர வைக்க ஆரம்பிங்க.

கார் விஷயம் தனியா சொல்லணும். வெளிய 24 டிகிரிதான் இருக்குன்னாலும் மூடுன காருக்குள்ள 10 நிமிஷத்துல கிட்டத்தட்ட 11 டிகிரி ஏறிடும், குழந்தை உடம்பு பெரியவங்கள விட 3-ல இருந்து 5 மடங்கு வேகமா சூடாகும். "தூங்குறான், இருக்கட்டும், அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்"ங்கற பேச்சே வேண்டாம். என் ஹேண்ட்பேக்க எப்பவும் பின் சீட்ல பாப்பா பக்கத்துல வைப்பேன், இறங்கும்போது எப்படியும் பின்னாடி பாத்துதான் ஆகணும். பெல்ட்டோட இரும்பு பக்கிளையும் தொட்டு பாத்துட்டு மாட்டுங்க.

தண்ணி இருக்குற இடம்னா இன்னும் கவனம். மூழ்குற குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது, கைய ஆட்டாது, சில அங்குல தண்ணி கூட போதும். நாம கைய நீட்டுனா தொடுற தூரத்துலயே இருக்கணும். எல்லாரும் இருக்காங்கன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டா யாருமே பாக்க மாட்டாங்க, அதனால 15 நிமிஷத்துக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி முறை போடுங்க, அந்த நேரத்துல அவங்க ஃபோன தொடக்கூடாது. கைல மாட்டுற காத்தடிச்ச ஃப்ளோட்ஸ் விளையாட்டு சாமான்தான், உயிர காப்பாத்துற சாதனம் இல்ல, அதுக்கு சைஸ் சரியான லைஃப் ஜாக்கெட் வேணும். நீச்சல் டிரஸ் பளிச்னு ஆரஞ்சு, பிங்க்ல எடுங்க, நீலமும் வெள்ளையும் தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது.

கூட்டமான இடத்துக்கு போனா கிளம்புறதுக்கு முன்னாடி அன்னைக்கு போட்டிருக்குற டிரஸ்ஸோட ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, குழந்தை கைல பேனாவால உங்க ஃபோன் நம்பர எழுதுங்க. குழந்தை தொலைஞ்சா அந்த பதட்டத்துல என்ன கலர் சட்டைன்னு யாருக்கும் ஞாபகம் வராது.

விளையாட்டுக்கு ஆள் வச்சு மேஜிக் ஷோ எல்லாம் இந்த வயசுக்கு தேவையில்லங்கறது என் கருத்து. நாங்க ரெண்டு டப்ல தண்ணி, கொஞ்சம் கப், ஒரு புனல், சோப்பு பபிள் அவ்ளோதான் வச்சோம், அஞ்சு பேரும் ஊத்தி ஊத்தி அரை மணி நேரத்துக்கு மேல நகரவே இல்ல. பலூன் மட்டும் பாத்து கட்டுங்க, ஊதாத பலூனோ வெடிச்ச துண்டோ 8 வயசுக்குள்ள இருக்குற குழந்தை தொண்டைல போனா மூச்சுக்குழாய அப்படியே ஒட்டி அடைச்சிடும், வெடிச்ச உடனே துண்ட பொறுக்கிடுங்க. திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டி குடுங்க, முழு நட்ஸ் 5 வயசு வரைக்கும் வேண்டாம், பாப்கார்ன் 4 வயசு வரைக்கும் வேண்டாம், 1 வயசு ஆகாத குழந்தைக்கு தேன் ஒரு சொட்டு கூட கூடாது. யாருக்கு என்ன அலர்ஜின்னு கூப்பிடும்போதே கேட்டுக்கோங்க, கேக் வந்தப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல.

மெழுகுவர்த்தி ஏத்தும்போது முடிய கட்டி விடுங்க, பாட்ட மெதுவா பாடுங்க, கை தட்டாம கைய மட்டும் ஆட்ட சொல்லுங்க. இந்த தடவ அப்படித்தான் பாடுனோம், பாப்பா எல்லார் முகத்தையும் ஒவ்வொண்ணா பாத்து சிரிச்சுட்டு தானே ஊதுனா.

கிஃப்ட்ட அன்னைக்கே பிரிக்க வேண்டாம், எல்லா கவரையும் ஒரே நேரத்துல கிழிச்சா எதையும் விளையாடாது. பிரிக்கும்போது லைட் எரியுற, பாட்டு பாடுற பொம்மை, கார்டு, மெழுகுவர்த்தி எல்லாத்தையும் திருப்பி பாருங்க, பட்டன் பேட்டரி (சட்டை பட்டன் மாதிரி வட்டமா இருக்குற சின்ன பேட்டரி) இருந்தா மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கி இருக்கணும், கையால திறக்க வந்தா அத குழந்தைகிட்ட குடுக்காதீங்க. முழுங்குனா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய அரிச்சிடும், முழுங்கிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. நாங்க நாளைக்கு ஒண்ணா 5 நாள் பிரிச்சோம், காலைல எந்திரிச்சதும் "இன்னைக்கு எது?"னு கேட்டுக்கிட்டே வருவா.