அனோவா முடிவுகளைப் படிப்பதும் எழுதுவதும்: உளவியல் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"பி மதிப்பு .05-க்குக் கீழே வந்தது, எனவே கருதுகோள் ஏற்கப்பட்டது." பல ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் முடிவுகள் அத்தியாயம் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. எந்தக் குழு அதிகம் எடுத்தது, எவ்வளவு அதிகம் என்று அதில் இருக்காது. படிப்பவர் தேடுவதோ அதைத்தான். (பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு.) டேட்டாவை உள்ளிடுவதிலிருந்து கடைசி வாக்கியம் வரை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

பங்கேற்பாளர்கள் 60 பேர், குழுவுக்கு 20 பேர். ஒரு குழு அமைதியிலும், ஒரு குழு வாத்திய இசையோடும், ஒரு குழு வரிகள் உள்ள பாட்டோடும் 25 சொற்களை மனப்பாடம் செய்கிறது. நினைவில் நின்ற சொற்களின் எண்ணிக்கைதான் மதிப்பெண். (எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.)

இரண்டிரண்டு குழுவாக மூன்று டி-டெஸ்ட் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் என்ன? ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தவறுக்கு இடமுண்டு. மூன்றும் சேரும்போது, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 14 சதவீதம் வரை ஏறிவிடும். அதனால்தான் எல்லாக் குழுக்களின் சராசரிகளையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் அனோவா.

படி 1: டேட்டா

ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. முதல் நெடுவரிசையில் குழு எண் (1, 2, 3), அடுத்ததில் மதிப்பெண். மூன்று குழுக்களை மூன்று நெடுவரிசைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் தவறு. ஒரே ஆள் மூன்று சூழலிலும் சோதிக்கப்பட்டிருந்தால் இந்த அனோவா பொருந்தாது. ஒரே ஆளின் பல அளவீடுகளை ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா வேண்டும்.

படி 2: முன்நிபந்தனைகள்

மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் (நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவில்) இருக்கின்றனவா என்பதைக் குழுவாரியாகப் பாருங்கள். 60 மதிப்பெண்களையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தால், குழுச் சராசரிகள் தள்ளித் தள்ளி இருப்பதாலேயே படம் கோணலாகத் தெரியலாம். அடுத்து லெவீன் டெஸ்ட். அதன் பி .05-க்கு மேல் இருந்தால் குழுக்களின் சிதறல் சமம் என்று கொண்டு மேலே போகலாம். கீழே வந்தால், சிதறல் சமமாக இல்லாதபோதும் பொருந்தும் வெல்ச் அனோவாவும், ஜோடிகளை ஒப்பிட கேம்ஸ்-ஹோவெல் ஒப்பீடும்.

படி 3: இயக்குவது

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் அனலைஸ், கம்பேர் மீன்ஸ், ஒன்-வே அனோவா. ஆப்ஷன்ஸில் டிஸ்கிரிப்டிவ், ஹோமோஜெனிட்டி இரண்டையும் டிக் செய்யுங்கள். போஸ்ட் ஹாக்கில் (ஜோடி ஜோடியாக ஒப்பிடும் பகுதி) டூக்கி. பக்கத்திலேயே இருக்கும் டூக்கிஸ்-பி வேறு சோதனை, அதைத் தொட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி மென்பொருளும் போதும். ஆனால் அதன் ஒன்-வே அனோவாவில் தொடக்கத்திலேயே டிக் ஆகியிருப்பது வெல்ச். சாதாரண அனோவா வேண்டுமென்றால் ஃபிஷர் என்ற பெட்டியை நீங்களே டிக் செய்ய வேண்டும். இரண்டாவது டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (குழு, ஆள் எண்ணிக்கையிலிருந்து வரும் எண்) 37.9 போலத் தசமத்தில் வந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வெல்ச்.

படி 4: அட்டவணையைப் படிப்பது

இங்கே நிதானம் தேவை. நம் எடுத்துக்காட்டில் வந்த சராசரிகள்: அமைதி 14.2 (திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிய சிதறல், 3.0), வாத்திய இசை 13.1 (3.2), பாட்டு 11.0 (3.4). அனோவா அட்டவணையில்:

குழுக்களுக்கிடையே: வர்க்கக் கூட்டுத்தொகை 105.73, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 2, சராசரி வர்க்கம் 52.87
குழுக்களுக்குள்: 585.20, 57, 10.27
மொத்தம்: 690.93, 59

52.87-ஐ 10.27-ஆல் வகுத்தால் எஃப் 5.15. குழுக்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு, ஒரே குழுவுக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் போல ஐந்து மடங்கு என்று பொருள். பி = .009.

முதலில் மொத்தம் வரியில் உள்ள 59-ஐப் பாருங்கள். அதோடு 1 சேர்த்தால் 60. அத்தனை பேரும் கணக்கில் வந்துவிட்டார்கள். அங்கே 57 என்று இருந்தால் இரண்டு பேரின் மதிப்பெண் எங்கோ விடுபட்டிருக்கிறது. இன்னொன்று, லெவீன் அட்டவணையிலும் ஒரு பி மதிப்பு உண்டு. அவசரத்தில் அதை எடுத்து எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

விளைவின் அளவு, அதாவது ஈட்டா ஸ்கொயர்: 105.73 ÷ 690.93 = .15. மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் 15 சதவீதம் குழுவோடு சேர்ந்து போகிறது. கோஹெனின் வழக்கமான அளவுகோலில் .01 சிறியது, .06 நடுத்தரம், .14 பெரியது.

படி 5: எந்த ஜோடி?

எஃப் "எங்கோ வேறுபாடு இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும். எங்கே என்று சொல்வது டூக்கி. இந்த டேட்டாவில் இரண்டு சராசரிகள் சுமார் 2.44 சொற்களாவது விலகியிருந்தால்தான் பி .05-க்குக் கீழே வரும். அமைதிக்கும் பாட்டுக்கும் 3.2, தாண்டுகிறது. வாத்திய இசைக்கும் பாட்டுக்கும் 2.1, தாண்டவில்லை. அமைதிக்கும் வாத்திய இசைக்கும் 1.1, அதுவும் இல்லை. ஆக வாத்திய இசை எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிறது. "வாத்திய இசையும் அமைதியும் ஒன்றே" என்று இதை எழுதிவிடாதீர்கள். வேறுபாடு நிரூபணமாகவில்லை என்பது வேறு, சமம் என்பது வேறு.

படி 6: எழுதுவது

இப்படி எழுதலாம்:

"நினைவில் நின்ற சொற்களின் எண்ணிக்கை சூழலுக்கேற்ப வேறுபட்டது, எஃப்(2, 57) = 5.15, பி = .009, ஈட்டா ஸ்கொயர் = .15. டூக்கி ஒப்பீட்டின்படி, அமைதியில் படித்தவர்கள் (சராசரி 14.2, திட்ட விலக்கம் 3.0) பாட்டோடு படித்தவர்களைவிட (சராசரி 11.0, திட்ட விலக்கம் 3.4) அதிகச் சொற்களை நினைவுகூர்ந்தனர், பி < .01. வாத்திய இசைக் குழு (சராசரி 13.1, திட்ட விலக்கம் 3.2) மற்ற இரண்டிலிருந்தும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை."

ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) எழுத்து முறையில் பி, ஈட்டா ஸ்கொயர் இரண்டும் 1-ஐத் தாண்டாதவை என்பதால் புள்ளிக்கு முன் பூஜ்யம் கிடையாது. எஸ்.பி.எஸ்.எஸ். ".000" என்று காட்டினால் "பி < .001" என்று எழுதுங்கள், பி ஒருபோதும் பூஜ்யமாகாது. ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஒட்ட வேண்டாம், அட்டவணையை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

எஃப் குறிப்பிடத்தக்கதாக வராவிட்டாலும் எஃப், பி, ஈட்டா ஸ்கொயர், மூன்று சராசரிகள் எல்லாவற்றையும் இதே வரிசையில் எழுதுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஜோடியாகத் துழாவி, .05-க்குக் கீழே எது வருகிறது என்று தேட வேண்டாம்.