கோல்டன் வளர்க்கிறீங்களா? முடிக்குள்ள கைய விட்டுப் பாருங்க

கோல்டன் ரெட்ரீவர் நாய்கிட்ட பெரிய தொல்லையே அது வலிய காட்டிக்காது, காதுல சீழ் பிடிச்சிருந்தாலும் வாலை ஆட்டிட்டு வந்து மேல விழும். அதனால சும்மா பாத்துட்டு நல்லாதான் இருக்குன்னு விட்றாதீங்க, வேலை முடிஞ்சு வந்ததும் தினம் கொஞ்ச நேரம் உக்காந்து உடம்பு பூரா தடவிப் பாருங்க.

1868ல ஸ்காட்லாந்துல, சுட்டு விழுந்த பறவைய குளுந்த தண்ணிக்குள்ள இறங்கி எடுத்துட்டு வரதுக்குன்னு உருவாக்க ஆரம்பிச்ச ஜாதி இது, முடி ரெண்டு அடுக்கு. நம்ம கோலாலம்பூர் புழுக்கத்துல உள்முடி நனைஞ்சா லேசுல காயாது, மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், அடில ஈரம் நிக்கும், அப்புறம் அது நக்கி நக்கி ஒரே நாள்ல உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செவந்து கசிய ஆரம்பிச்சிடும், இதான் ஹாட் ஸ்பாட். குளிப்பாட்டினா டிரையர கூல்ல வச்சு அடிமுடி வரைக்கும் காய வைங்க. வெயிலுக்குன்னு மொட்டை மட்டும் அடிச்சிடாதீங்க, முடி பழையபடி வராமலும் போகலாம், தோலும் வெந்துடும்.

காது மடலைத் தூக்கி மோந்து பாருங்க. புளிச்ச மாவு வாடையோட பிரவுனா அழுக்கு இருந்தா பெரும்பாலும் ஈஸ்ட்ங்கற பூஞ்சைதான். காட்டன் பட் உள்ள விடவே கூடாது. செவந்து வலிக்குதுன்னா நீங்களா கடைல எதையும் வாங்கி ஊத்தாம டாக்டர் செவிப்பறைய பாத்தப்புறம் அவர் குடுக்கறத ஊத்துங்க. அடிக்கடி வந்துச்சுன்னா அலர்ஜியா இருக்கலாம், அதையும் கேளுங்க.

அடுத்தது உண்ணி, இங்க வருஷம் பூரா இருக்கு. காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடில தேடுங்க. கிடைச்சா நசுக்காதீங்க, ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. வீட்டு சுவர் வெடிப்புலயும் முட்டை போடும், அதனால நாய்க்கு மட்டும் மருந்து குடுத்தா பத்தாது, போர்ச்சையும் பாக்கணும். சாப்பாடு வேணாங்குது, ஈறு வெளுத்திருக்கு, வயித்துல சின்னச் சின்னதா ரத்தப் புள்ளி, மூக்குல ரத்தம்னா டிக் ஃபீவரா, அதான் உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. காய்ச்சல்னு வீட்ல இருக்குற பனடோல, அதான் பாராசிட்டமால் மாத்திரைய, குடுக்கவே குடுக்காதீங்க, நாய்க்கு அது விஷம். சம்பல், கறிக்குழம்புல கிடக்குற வெங்காயமும் அப்படித்தான், பாட்டி பாவம்னு போடுவாங்க, சொல்லி வைங்க லா.

வாக்கிங் விடியறதுக்கு முன்னாடி, இல்ல ராத்திரி. தார் ரோட்ல புறங்கைய ஏழு செகண்ட் வைக்க முடியலன்னா நாயும் நடக்கக் கூடாது. மூச்சு ரொம்ப இரைச்சு, எச்சில் கெட்டியாகி, தள்ளாடுச்சுன்னா ஹீட் ஸ்ட்ரோக், உடனே உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஃபேன் போடுங்க, கொஞ்சம் ஆறினதும் கார்ல ஏர்கோன் போட்டு கிளினிக்குக்கு ஓடுங்க.

குட்டி ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேத்து வச்சு முயல் மாதிரி குதிச்சா இடுப்பு மூட்டுல கோளாறு இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துருங்க. குண்டாக விடாதீங்க, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும்.

கேன்சர் இந்த ஜாதில அதிகம், மறைக்கறதுக்கு இல்ல. தடவும்போது புதுசா கட்டி தட்டுப்பட்டா அளவு தெரிய பக்கத்துல அம்பது சென் காசை வச்சு போட்டோ எடுத்துட்டு டாக்டர்ட்ட காட்டுங்க, கொழுப்புக் கட்டியா வேற எதாவதான்னு ஊசில எடுத்துப் பாப்பாங்க. வயசான கோல்டன் திடீர்னு சுருண்டு விழுந்து ஈறு வெள்ளையா ஆனா மண்ணீரல் கட்டி வெடிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் போகுதோ என்னவோ, எழுந்து நடந்துட்டாலும் காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி தொறந்திருக்குற கிளினிக் நம்பர இப்பவே போன்ல போட்டு வச்சுக்குங்க.