புரொடெக்ட், டிஃபென்ட், கார்ட்: எந்த இடத்தில் எது?

தமிழில் 'பாதுகாப்பது' என்ற ஒரே சொல்லை வைத்து நிறைய இடங்களில் ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம். அகராதியைத் திறந்தால் எல்லாச் சொல்லுக்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான் இருக்கும். அதனால் பொருளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

படி 1: தாக்குதல் உண்டா?

ஒருவர் தாக்குகிறார், இன்னொருவர் எதிர்த்து நிற்கிறார் என்றால் டிஃபென்ட். தாக்குதல் வாய்ச்சொல்லாக இருந்தாலும் சரி. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வக்கீல் வாதாடுவதும், ஆய்வு மாணவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தன் தீசிஸை நிலைநாட்டுவதும் டிஃபென்ட்தான். அங்கே போய் புரொடெக்ட் என்று எழுதினால், தீசிஸை யாரும் தொடாமல் பூட்டி வைத்தார் என்பதுபோல் ஆகிவிடும்.

எதிராளியே இல்லை, கெடுதல் வராமல் இருந்தால் போதும் என்றால் புரொடெக்ட். வெயில், தூசு, நோய் எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்காவில் 1970இல் தொடங்கிய சுற்றுச்சூழல் அமைப்பின் பெயர் என்விரான்மென்டல் புரொடெக்‌ஷன் ஏஜென்சி. இந்தியாவில் ராணுவத்தைக் கவனிப்பது மினிஸ்ட்ரி ஆஃப் டிஃபென்ஸ். பெயர்களை மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள், காதே ஒத்துக்கொள்ளாது.

சந்தேகம் வந்தால் புரொடெக்ட் போடுங்கள். பெரும்பாலும் தப்பாகாது.

படி 2: காவல் இருக்கிறதா?

கண் வைத்துக் காப்பது கார்ட். செக்யூரிட்டி வாசலைக் காக்கிறார், நாய் வீட்டைக் காக்கிறது என்பதற்கெல்லாம் இது பொருந்தும். குடை நம்மை நனையாமல் காப்பதற்குப் பொருந்தாது, அது புரொடெக்ட்.

படி 3: அடுத்து வரும் சின்னச் சொல்

என்னைக் கேட்டால், இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். புரொடெக்ட் என்றால் காக்கப்படுபவர் முதலில், ஆபத்து பிறகு: 'த வேக்சின் புரொடெக்ட்ஸ் சில்ட்ரன் அகெய்ன்ஸ்ட் மீசில்ஸ்'. ஆபத்துக்கு முன்னால் 'ஃப்ரம்', 'அகெய்ன்ஸ்ட்' இரண்டுமே வரும். தடுப்பூசி, நோய் பற்றிய பேச்சில் 'அகெய்ன்ஸ்ட்' நிறையப் புழங்குகிறது.

கார்ட் கொஞ்சம் ஏமாற்றும். 'கார்ட் த ஹவுஸ்' என்றால் வீட்டைக் காவல் காப்பது. 'கார்ட் அகெய்ன்ஸ்ட் எரர்ஸ்' என்றால் பிழைகள் வராமல் விழிப்பாக இருப்பது. நடுவில் உள்ள 'அகெய்ன்ஸ்ட்' விட்டுப்போனால் பிழைகளையே காவல் காப்பதாகப் பொருள் வந்துவிடும்.

படி 4: ஷீல்ட், சேஃப்கார்ட்

ஆபத்துக்கும் நமக்கும் நடுவில் ஏதோ ஒன்று மறைப்பாக நின்றால் ஷீல்ட். சேஃப்கார்ட் கொஞ்சம் அலுவல் நடை. உரிமை, நலன், தகவல் போன்றவற்றோடு வரும். அம்மாவுக்கு எழுதும் மெசேஜில் அது வேண்டாம்.

படி 5: ப்ரிசர்வ், கன்சர்வ்

இருக்கும் நிலை கெடாமல் வைத்திருப்பது ப்ரிசர்வ்: பழைய ஓலைச்சுவடி, ஜாமில் போட்ட பழம். வீணாக்காமல், அழிய விடாமல் அளவோடு பயன்படுத்துவது கன்சர்வ். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லும் போஸ்டரில் வர வேண்டியது 'கன்சர்வ் வாட்டர்'.

இந்தியச் சட்டங்களின் பெயர்களையும் பாருங்கள். காட்டு விலங்குகளை வேட்டையிலிருந்து காக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் புரொடெக்‌ஷன் இருக்கிறது. காட்டு நிலத்தை வேறு வேலைகளுக்குத் திருப்புவதைக் கட்டுப்படுத்த 1980இல் வந்த சட்டத்துக்கு கன்சர்வேஷன் என்று பெயர் வைத்தார்கள்.