டயர் காற்று பார்க்கும் கேஜ்: வாங்கும்போதும் பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய ரேஞ்ச் உள்ள கேஜ் ஒன்று வாங்கிவிட்டால் பைக்குக்கும் ஆச்சு, டிராக்டருக்கும் ஆச்சு, லாரிக்கும் ஆச்சு என்று நினைப்பதுதான் முதல் தவறு. முள் கேஜின் அட்டையில் ‘துல்லியம் ±2%’ என்று போட்டிருந்தால், அந்த 2% நாம் பார்க்கும் காற்றுக்கு அல்ல, முள் போகக்கூடிய முழு அளவுக்கு. 0 முதல் 160 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜில் அது 3.2 பிஎஸ்ஐ. காரில் 32 என்று காட்டினால் உள்ளே 29-ம் இருக்கலாம், 35-ம் இருக்கலாம். டிராக்டரின் பின் டயருக்கு 14 பிஎஸ்ஐ வைக்கும்போது அதே 3.2 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதைக் காற்று பார்த்த கணக்கிலேயே சேர்க்க முடியாது.

முள் கேஜ்கள் அளவின் நடுப் பாதியில்தான் நன்றாகக் காட்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி40.100 என்ற கேஜ் தர விதியில் ‘கிரேடு பி’ கேஜுக்கு நடுவில் 2% பிழை வரை அனுமதி, இரண்டு ஓரங்களிலும் 3% வரை அனுமதி. ஆகவே உங்கள் டயருக்கு வேண்டிய காற்று கேஜின் நடுப் பகுதியில் விழ வேண்டும். பைக், ஸ்கூட்டர், காருக்கு 0–60. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றும் குட்டி யானை, பிக்கப் போன்றவற்றுக்கு 0–100. கிரானைட் கல் ஏற்றும் லாரிக்கு 0–160. டிராக்டர் பின் டயருக்குத் தனியாக 0–30. வீட்டில் காரும் டிராக்டரும் இருந்தால் இரண்டு கேஜ் வாங்குவதே சரி. ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டாவது கேஜின் செலவு ஒன்றுமே இல்லை.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 23 பரிந்துரைப்படி 4 பார் வரை, அதாவது சுமார் 58 பிஎஸ்ஐ வரை, பிழை 0.08 பாரைத் தாண்டக் கூடாது. அது ஏறக்குறைய 1.2 பிஎஸ்ஐ. 4 முதல் 10 பார் வரை 0.16 பார். வாங்கும் கேஜ் இதற்குள் நிற்குமா என்று அட்டையில் பாருங்கள். துல்லியம் பற்றி ஒரு வரிகூட அட்டையில் இல்லாத கேஜை வாங்க வேண்டாம்.

புள்ளிக்குப் பின் வரும் எண்

டிஜிட்டல் கேஜ் 31.7 என்று காட்டினால் நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. அந்த .7 திரையில் எழுத இடம் இருப்பதால் வருவது. உள்ளே உள்ள சென்சார் அவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. நல்ல டிஜிட்டல் கேஜ்கள் இருக்கின்றன. ஆனால் பேட்டரி இறங்கும்போது சில கேஜ்கள் அணையாமல் தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரி குறைந்தால் எச்சரிக்கும் வசதி இருக்கிறதா, மாற்று பேட்டரி ஊரில் கிடைக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஏப்ரல், மே வெயிலில் டேஷ்போர்டு மேல் போட்டு வைத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

பென்சில் கேஜ் மலிவு, பேட்டரி வேண்டாம், சட்டைப் பையில் நிற்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் பிஸ்டனும்தான். தூசியும் ஈரமும் புகுந்தால் பிஸ்டன் சிக்கிக் குறைவாகக் காட்டும். கோடுகள் நெருக்கமாக இருப்பதால் 1 பிஎஸ்ஐ வித்தியாசத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது.

முள் கேஜுக்குள் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். காற்று ஏறினால் அது சற்றே நிமிரும். அந்த அசைவைச் சிறு பல்சக்கரம் முள்ளுக்குக் கொண்டுபோகும். ஒருமுறை சிமென்ட் தரையில் விழுந்தாலே பல்சக்கரம் இடம் மாறிவிடலாம். ரப்பர் உறை போட்டதை வாங்குங்கள். ஒன்றும் மாட்டாமல் இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் அந்த கேஜை நம்பாதீர்கள்.

மூன்று தடவை பார்ப்பது

கேஜ் வாங்கும்போது யாரும் செய்யாத, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. நிழலில் நின்ற வண்டியின் ஒரே டயரில் அடுத்தடுத்து மூன்று தடவை வையுங்கள். 32, 32, 31.5 என்று வந்தால் நல்ல கேஜ். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கொஞ்சம் காற்று போகும் என்பதால் அந்த அரை குறைவது இயல்பு. 30, 33, 31 என்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்போதும் 2 பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும் கேஜையாவது கணக்குப் போட்டு ஓட்டலாம். தடவைக்கொரு எண் சொல்லும் கேஜை வைத்து எதுவும் செய்ய முடியாது.

வைக்கும் விதத்திலும் கோளாறு வரும். ‘புஸ்’ சத்தம் தொடர்ந்து கேட்டால் வாய் நேராக உட்காரவில்லை. காட்டும் எண் குறைவாகத்தான் இருக்கும். ஸ்கூட்டரின் சின்ன சக்கரத்தில் நேர் வாய் கேஜ் நுழையாது. வளைந்த வாயோ குட்டிக் குழாயோ உள்ளதை வாங்குங்கள். லாரியின் ஜோடி டயரில் உள் டயரைப் பார்க்க நீளத் தண்டும் இருபுறமும் வாயும் உள்ள கேஜ் வேண்டும். அது இல்லாததால்தான் பல டிரைவர்கள் இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். 110 வைக்க வேண்டிய டயர் 80-க்கு இறங்கியிருந்தாலும் தட்டினால் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். அந்தச் சோர்ந்த டயரின் பாரத்தைப் பக்கத்து டயர் சுமந்து சூடாகி வெடிக்கிறது.

சூட்டில் பார்ப்பது

கேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதில் தவறினால் பயனில்லை. கம்பெனி சொல்லும் அளவு ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. கார் டயரில் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். 110 பிஎஸ்ஐ லாரி டயரில் சுமார் 4 கூடும். தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி வந்த லாரியில் பிரேக் சூடும் டிரம் வழியாக ரிம்முக்கு ஏறியிருக்கும். அங்கே நிறுத்திக் காற்று பார்த்து ‘அதிகமா இருக்கே’ என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தளர்ந்து நிற்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. கிருஷ்ணகிரியில் வைத்த காற்று ஓசூர் மேட்டில் அரை பிஎஸ்ஐ அளவுக்குக் கூடுதலாகக் காட்டுவது உயரத்தால் வருவது. அதைத் திருத்த வேண்டியதில்லை.

எந்த எண் வைப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. டயரின் பக்கச் சுவரில் இருப்பது அது தாங்கும் அதிகபட்சம். நமக்கு வேண்டியது டிரைவர் கதவோரம் அல்லது கையேட்டில் இருக்கும் எண். அது 2.2 பார் என்றோ 220 கேபிஏ (கிலோபாஸ்கல்) என்றோ இருந்தால் 32 பிஎஸ்ஐ. பழைய மெக்கானிக்குகள் சொல்லும் ‘கிலோ’ வேறு, அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. 1 கிலோவுக்கு 14.2 பிஎஸ்ஐ.

பம்ப்போடு சேர்ந்த கேஜை, காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது படிக்காதீர்கள். அப்போது குழாயின் அழுத்தத்தையே காட்டும். நிறுத்திய பிறகு பாருங்கள்.

எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய டிராக்டர் டயரில் வால்வை மேலே கொண்டுவந்து நிறுத்தித்தான் கேஜ் வைக்க வேண்டும். கீழே இருந்தால் தண்ணீர் கேஜுக்குள் ஏறும். பார்த்து முடித்ததும் கேஜின் வாயை நல்ல தண்ணீரில் அலசி உதறிக் காயவையுங்கள். எந்த வண்டியானாலும் கேஜை எடுத்ததும் வால்வு நுனியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி (பின்) ஒழுங்காக உட்காரவில்லை. அதை இறுக்கியோ மாற்றியோ, மீண்டும் காற்று பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள்.